பாதி விலைத் தோட்டா

"அடுப்பப் பத்த வெக்கலாமா, வேண்டாமா? வாயத் தொறந்து சொல்லுங்க!"

தீப்பெட்டியைக் கையில் பிடித்தபடி அவள் கத்தினாள்.

"மருந்து தொறந்து கெடக்குது. குச்சிய ஒரசுனீன்னா ஊடே இருக்காது."

"அப்ப மூடி வைங்க."

"பாதியில மூடுனா அளவு போயிரும் அம்மிணி."

புருஷன் ராக்கியப்பன் தலையைத் தூக்கவில்லை. சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் தரையில் உட்கார்ந்து, சுட்டுப்போட்ட காலித் தோட்டாக்களில் மறுபடி வெடிமருந்தும் ஈய ரவையும் அடைத்துக்கொண்டிருந்தார். காட்டுப்பன்றி விரட்ட வாங்கிய லைசென்ஸ் துப்பாக்கிக்கு. முந்தின ராத்திரி வாழைக்குள் பன்றி இறங்கியிருந்தது.

முன் அறையில் மாப்பிள்ளை வீட்டார்.

ஆறு மணிக்கு மேல் வருகிறோம் என்று சொன்னவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் பிடிப்பதற்குள் வாசல் மிதித்துவிட வேண்டுமென்று நாலு மணிக்கே காரில் வந்து இறங்கிவிட்டார்கள்.

மகள் தேவகியை அதுவரை பார்த்துவிட்டுப் போன யாரும் திரும்பிப் பேசியதில்லை. இந்த இடம்தான் தானாகப் போன் செய்தது. பையனுக்கு அரசாங்க உத்தியோகம். இது கூடிவர வேண்டுமென்று அவள் குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைத்திருந்தாள்.

மருந்து அடைக்கிற நாளில் அந்த வீட்டில் தீ கூடாது. கரண்டும் கூடாது. மெயினையே இறக்கிவிடுவார். சுவிட்சில் பொறி பறக்குமாம். அன்றைக்கெல்லாம் பழைய சோறும் ஊறுகாயும்தான். ஊரே அறிந்த சங்கதி.

மாப்பிள்ளை வீட்டார் சோபாவில் வேர்த்து வழிந்தார்கள்.

காதுக்கு மட்டும் விருந்து குறைவில்லை.

"கடையில வாங்குனா கை வெந்துருமா உங்களுக்கு?"

"கடைத் தோட்டா வெலைல இது பாதி, தெரியுமா?"

பாதிதான். யார் இல்லை என்றது? அந்தப் பாதிக்காகக் கூரியரில் தோட்டாவை அழுத்தி மூடுகிற ஒரு மெஷின் வந்தது. பிறகு எள்ளை நிறுக்கிற மாதிரி ஒரு தராசு வந்தது. மருந்து நமுத்துப் போகாமலிருக்கப் பூட்டு வைத்த இரும்பு அலமாரி வந்தது. அத்தனைக்கும் கடையில் தோட்டா வாங்கிச் சுட்டிருந்தால் இந்தப் பக்கத்துப் பன்றிகள் மொத்தமும் கேரளாவுக்குக் குடிபோயிருக்கும். இப்போது அவர் சுட்டால் ஒன்று வெடிக்கிறது, இன்னொன்று புஸ்ஸென்று போகிறது. புஸ் சத்தம் கேட்டால் பன்றிகள் குட்டிகளையும் கூட்டிக்கொண்டு வருவதாகப் பேச்சு.

அவள் புழக்கடைச் சுவரோரம் போனாள். பக்கத்து வீட்டுப் பாவாயியைக் கூப்பிட்டாள்.

"அக்கா, காப்பி மட்டும் போட்டுக் குடுத்துருங்க. மானம் போகுது."

பாவாயி சுவருக்கு அந்தப் பக்கம்தான் நின்றிருந்தாள். வெகு நேரமாக.

காப்பிக்குச் சொன்னதோடு அவள் முன் அறைக்குப் போயிருக்கலாம். வந்தவர்களிடம் மழையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். உள்ளறையில் பட்டுச்சேலைக்குள் வெந்துகொண்டிருந்த தேவகியிடம், காப்பி வந்ததும் நீ வாங்கிக் கொண்டுபோய்க் கொடு என்று சொல்லியிருக்கலாம்.

சின்ன அறைக்குத்தான் திரும்பினாள்.

சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருந்தது.

பன்றியில் தொடங்கினாள். அவருடைய அம்மாவுக்குப் போனாள். அவர் தன் பங்குக்கு அவள் அண்ணனை இழுத்தார், அண்ணன் ஓட்டத் தெரியாமல் வாங்கிய டிராக்டரை இழுத்தார். அவள் கையில் தீப்பெட்டி குலுங்கியது. அதைக் கண்டு அவர் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தார்.

அவர் நகர்ந்து அவள் பார்த்ததே இல்லை.

விடுவாளா? ஒரு குச்சியை எடுத்தாள். பெட்டியின் பக்கவாட்டில் வைத்தாள்.

"மூடறேன், மூடறேன்! குச்சியக் கீழ போடு!"

டப்பாவை மூடினார். அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். மெயினைத் தூக்கிவிட்டார். வீடு முழுக்க ஃபேன் சுற்றியது.

கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் ஜெயித்த ஒரே சண்டை.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிரித்த முகமாக முன் அறைக்கு வந்தாள்.

காப்பி வந்து, குடித்தும் ஆகியிருந்தது.

பாவாயியின் மகள் சுகன்யா காலி டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்குக் காப்பி கொண்டுவந்த பெண்ணின் தலையில் அவ்வளவு மல்லிகை எப்போது ஏறியதென்று இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை.

மாப்பிள்ளைப் பையன் தன் டம்ளரைத் தானே எழுந்து போய்த் தட்டில் வைத்தான்.

அவன் அம்மா சுகன்யாவை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"காப்பி அருமைங்க. இந்தப் பொண்ணு எந்த ஊடு?"

 

"பக்கத்து ஊடுங்க."

சொன்னது தேவகி. உள்ளறை வாசலில் நின்று, நிதானமாக.

ஆவணியில் சுகன்யாவுக்கும் அந்தப் பையனுக்கும் கல்யாணம். பத்திரிகை வைக்கப் பாவாயியே நேரில் வந்தாள்.

புரட்டாசியில் தேவகி ஓசூருக்கு வேலைக்குப் போனாள். போனவள் தீபாவளிக்கும் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. அங்கேயே ஒருவனைக் கட்டிக்கொண்டாள்.

கல்யாணப் போட்டோ வந்தது பாவாயியின் போனுக்குத்தான்.