அனுமதி மறுக்கப்பட்டது

"உன் பையனைக் கூப்பிடு. மறுபடியும் அனுமதி இல்லையாம்" என்றார் அப்பா, அம்மாவிடம்.

பையன் அடுத்த அறையில்தான் இருந்தான். அவர் சொன்னது அவன் காதில் நன்றாகவே விழுந்தது. ஆனாலும் அம்மா எழுந்து போய் அதையே இன்னொரு முறை சொன்ன பிறகுதான் அவன் நாற்காலியை விட்டு அசைந்தான். கொஞ்ச நாளாக அந்த வீட்டில் அதுதான் நடைமுறை.

நல்ல வேலையை உதறிவிட்டு நண்பர்களோடு சேர்ந்து சின்னதாக ஒரு கம்பெனி ஆரம்பித்திருந்தான் மகன். "பொறுப்பு கெட்டவன்" என்றார் அப்பா. அன்றோடு பேச்சு நின்றது. மாதக் கடைசியில் தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டு போகப்போவதாகவும் அவன் சொல்லியாயிற்று. அதையும் அம்மாவிடம்தான்.

இப்படியே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டால், அப்புறம் இரண்டும் ஜென்மத்துக்கும் பேசாது என்று அம்மாவுக்குப் பயம். பயப்பட வேண்டியதுதான். பிடிவாதத்தில் அப்பாவும் மகனும் ஒரே அச்சு.

அப்பா ஒரு வாரப் பத்திரிகைக்குக் குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக் கொடுப்பவர். கட்டங்களைக் கையால்தான் வரைவார். வரைந்ததை ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டர் பழசு. அதில் முதலில் இருந்த சிஸ்டம் முக்கி முனகியதால், சண்டைக்கு முன்பு மகன்தான் அதை எடுத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டுக் கொடுத்தான். எல்லாம் தமிழிலேயே வருகிறது என்று அப்பா அப்போது பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அதே தமிழில் அது அவரை விரட்டியது.

"அனுமதி மறுக்கப்பட்டதாம். யார் மறுத்தது? அதைச் சொல்ல வேண்டாமா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டார் அப்பா. புதிர்க் குறிப்பில் ஒரு சொல் குறைந்தாலும் வாசகர்கள் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள்.

மகன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"ஸ்கேனரைத் தொடுறவங்களுக்குன்னு உள்ளே ஒரு குழு இருக்கும்மா. அதுல இவர் பேர் இருக்கணும். போன வாரம்தான் சேர்த்தேன், இப்போ காணோம்" என்று அம்மாவிடம் சொன்னான். இவர், கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பாஸ்வேர்டிலிருந்து கடைசிப் புள்ளி வரை எழுத்தெழுத்தாக முணுமுணுத்துக்கொண்டே தட்டுவது சின்ன வயதிலிருந்தே அவன் பழக்கம். அப்படியே முணுமுணுத்துச் சேர்த்தான். அம்மா பின்னால் டீயோடு நின்றாள். இந்த மாயமெல்லாம் தனக்கு எங்கே புரியப்போகிறது என்று அலுத்துக்கொண்டாள். ஸ்கேனர் ஓடியது.

அடுத்த புதிர் அனுப்புகிற நாளில் மறுபடியும் அனுமதி மறுக்கப்பட்டது. அதற்கடுத்த முறையும்.

அம்மாவுக்கோ சரியாக அந்த நேரம் பார்த்து மாடியில் துணி காயப்போட வேண்டியிருக்கும். இல்லையென்றால் பக்கத்து வீட்டில் ஏதோ அவசரமாகக் கேட்க வேண்டியிருக்கும். நடுவில் ஆள் இல்லாததால் இருவரும் சுவரிடம் பேச ஆரம்பித்தார்கள். எந்த வயரைப் பிடுங்கினார்கள் என்று மகன் சுவரைக் கேட்பான். ஒருத்தரும் ஒரு வயரையும் பிடுங்கவில்லை என்று அப்பா சுவருக்குச் சொல்வார். ஒருநாள், ஐந்தெழுத்தில் பிடிவாதத்துக்கு வேறு சொல் கிடைக்காமல் அவர் புலம்ப, 'வைராக்கியம்' என்றான் மகன். அது ஆறெழுத்து என்றார் அவர். எண்ணிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டான்.

நேற்று மகனுக்குப் பொறுமை போய்விட்டது.

"வேணும்னேதானே பண்றீங்க? யாராவது எடுத்தாத்தான் பேர் போகும். அதுவா போகாது."

"எடுக்கத் தெரிஞ்சவனுக்குச் சேர்க்கத் தெரியாதா? உன்கிட்ட எதுக்கு நான் வந்து நிக்கணும்?"

நியாயமான கேள்விதான். சுவரை விட்டுவிட்டு நேராகப் பேசிவிட்டோம் என்பது இருவருக்குமே அப்புறம்தான் உறைத்தது. இனிமேல் பேசாமல் இருப்பதற்கும் வழியில்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டு, கம்பெனி எப்படிப் போகிறது என்று கேட்டார் அப்பா. பரவாயில்லை என்றான் மகன். சாப்பாட்டுக்கு என்ன செய்யப்போகிறாய், அந்த அறையில் அடுப்பு உண்டா என்றார். அறை இன்னும் முடிவாகவில்லை என்றான் அவன். அம்மாவிடம் அவன் சொல்லியிருந்தது வேறு.

"இந்தத் தொல்லையே வேண்டாம்ப்பா. பழைய சிஸ்டத்தையே திரும்பப் போட்டுடறேன். மெதுவா ஓடும், ஓடட்டும். குழு, அனுமதின்னு எந்தத் தகராறும் வராது."

"போட்டுடு. நிம்மதியா இருக்கும்" என்றார் அப்பா.

துணிக்கூடையோடு மாடியிலிருந்து இறங்கி வந்த அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"டேய், அதை மட்டும் போட்டுடாதடா. அதுல உங்கப்பா பேரை எப்படி எடுக்கறதுன்னு எனக்குத் தெரியாது."