அம்மன் பேசட்டும்

கோயில் வாசலில் பலிக்காகக் கட்டியிருந்த கிடாவிடம் வேப்பமரத்துக் காகம் சொன்னது: "தண்ணி ஊத்துவாங்க. குளிர்ல நீ உடம்பைச் சிலுப்புவே. அம்மன் உத்தரவு கெடைச்சிடுச்சுன்னு வெட்டிருவாங்க. வருஷாவருஷம் பாக்கறேனே!"

"அம்மன் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசணும். பேசினாத்தான் சிலுப்புவேன்," என்றது கிடா. குட்டியிலிருந்தே அதற்கு அந்த ஆசைதான்.

குடம் குடமாக ஊற்றினார்கள். கிடா காதை விடைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. கடைசியில் பூசாரி, "ஆத்தாளுக்கு இது வேண்டாமாம்," என்று கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

கிடா அழுதபடி மரத்தடிக்கு வந்தது. "எவ்வளவு நேரம் நின்னேன்! ஒரு வார்த்தைகூடப் பேசலையே!"

குடலுக்காகக் காத்திருந்த காகம், பட்டினி வயிற்றோடு, முதல் தடவையாக அம்மன் சிலையைத் திரும்பிப் பார்த்தது.