"அங்கே என் வீடு இருந்துச்சு"

பக்கத்து வீட்டு மிட்சுயோ விலை போய்விட்டாள் என்பதில் டோஃபு கடை இவபுச்சிக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

பின்னே என்ன? போன கூட்டத்தில், "தண்ணிக் கட்டணத்தை ஏத்திப் பாருங்க, சும்மா விடமாட்டேன்" என்று ஜப்பானின் நுமாசகி நகர மண்டபமே அதிர முழங்கியவள். இன்று அந்த நீல அங்கியை மாட்டிக்கொண்டதும், "ஏத்தித்தான் ஆகணும்" என்கிறாள்.

அங்கி நகராட்சியின் ஏற்பாடு. இற்றுப்போன குடிநீர்க் குழாய்களை என்ன செய்வது என்று நீண்டகாலத் திட்டம் போட ஊர் மக்களையே அழைத்திருந்தார்கள். பாதிப் பேர் இன்றைய மனிதர்களாகவே பேசலாம். மீதிப் பேர் அங்கி போட்டுக்கொண்டு, 2060-ல் இதே ஊரில் வாழ்கிறவர்களாகப் பேச வேண்டும். வயது மாறாது, ஆண்டு மட்டும் மாறும். சொந்தக் கதை பேசக் கூடாது.

இவபுச்சி இன்றைய அணி. சோயாப் பாலைக் கட்டியாக்கிச் செய்யும் டோஃபு என்றாலே தண்ணீர்தான். கட்டணம் ஏறினால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். பாவம், நாலு நாளாக மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

"எங்க காலத்துல குழாயைத் திறந்தா நல்ல தண்ணி வருது," என்றாள் எதிர் மேசையிலிருந்து மிட்சுயோ. "உங்க காலத்து ஜனங்க கஷ்டப்பட்டுக் கூடக் கட்டினாங்க. அதுலதான் புதுக் குழாய் போட்டு, மேட்டுத் தெருவுல பெரிய தொட்டியும் கட்டினாங்க. அதுக்கு முன்னாடி அங்கே என் வீடு இருந்துச்சு."

சொன்னதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இவபுச்சிக்கு மூக்கில் வியர்த்தது. 2060-ல் இருப்பவளுக்கு மேட்டுத் தெருவில் ஏது சொந்த வீடு? அதுவும் 'இருந்துச்சு'? போன வாரம் நகராட்சி அதிகாரி சுகவாரா இரண்டு ஆட்களோடு அவள் வாசலில் நாடா பிடித்து அளந்ததும், தன்னைப் பார்த்ததும் அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டதும் ஞாபகம் வந்தது. எல்லாம் சேர்ந்து ஒரு கணக்குக்கு வந்தது.

தேநீர் இடைவேளையில் நேராகப் போய்க் கேட்டார்.

"வீட்டை வித்துட்டியா?"

"அங்கி போட்டவங்ககிட்ட இந்தக் காலத்துச் சமாசாரம் கேக்கக் கூடாது, டோஃபுக்காரரே."

"மழுப்பாதே."

"எங்க காலத்துலயும் உங்க கடை டோஃபு கொஞ்சம் கெட்டிதான்," என்று சிரித்துவிட்டு நகர்ந்தாள்.

யார் காதில் பூ சுற்றுகிறாள்? கூட்டம் மறுபடி கூடியதும் இவபுச்சி எழுந்தார்.

"மிட்சுயோவை ஒண்ணு கேக்கணும். அங்கியைக் கழட்டிட்டுப் பதில் சொல்லட்டும்."

சுகவாரா தடுக்கப் பார்த்தார். மிட்சுயோ கையமர்த்திவிட்டு, அங்கியைக் கழற்றி மடித்து மேசையில் வைத்தாள்.

"வீட்டை வித்தாச்சா?"

"ஆச்சு."

"யாருக்கு?"

"நகராட்சிக்கு."

மண்டபத்தில் முணுமுணுப்பு கிளம்பியது.

"எப்போ காலி பண்றே?"

"அடுத்த மாசம். செண்டாய் நகரத்துல பொண்ணு வீட்டுக்குப் போறேன்."

"கேட்டுக்கோங்க ஜனங்களே. ஏத்தின கட்டணத்தை இவ ஒரு தடவைகூடக் கட்டப் போறதில்லை. நகராட்சிக்கிட்ட கை நீட்டிட்டு, சுமையை நம்ம தலையில ஏத்திட்டுப் போறா."

"அதானே" என்று பின்வரிசையில் நாலு குரல் எழுந்தது. மிட்சுயோ ஆறிப்போன தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். முடிவெடுக்காமலே கூட்டம் கலைந்தது.

வாசலில் இவபுச்சி வெற்றி வீரராகக் காலணி மாட்டிக்கொண்டிருந்தபோது சுகவாரா பக்கத்தில் வந்து நின்றார்.

"இவபுச்சி ஐயா, இதைச் சொல்லக் கூடாதுன்னு அந்தம்மா என்கிட்ட வாக்கு வாங்கியிருக்காங்க. ஆனா இதுக்கு மேல என்னால முடியாது."

"என்ன, அடுத்த கதையா?"

"தொட்டிக்கு இன்ஜினியருங்க முதல்ல குறிச்ச இடம் உங்க கடை. அவங்கதான் ஆபீசுக்கு ஓடி வந்து, 'கடையை விட்டா அந்த மனுஷனுக்கு வேற போக்கிடம் இல்லை, பக்கத்துல என் வீட்டை எடுத்துக்கோங்க'ன்னாங்க."

இவபுச்சியின் கை காலணியிலேயே நின்றது.

"அடப்பாவி... இதை முன்னாடியே என்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"நானும் சொல்லிடலாமேன்னுதான் அவங்ககிட்ட கேட்டேன். 'தெரிஞ்சா அவர் எனக்காகக் கட்டணத்துக்குத் தலையாட்டிடுவார். கட்டணம் ஏறணும்னு நான் சொல்லுவேன், ஆனா கூடாதுன்னு கத்த அவருக்கு வாய் வேணும், கெடுத்துடாதீங்க'ன்னுட்டாங்க."