எத்தினி நாளைக்குத் தாங்கும்?

அம்மாவின் தலையில் இத்தனை பூவை லோகாம்பாள் பார்த்ததே இல்லை. தாய்மாமன் கொண்டுவந்த புதுப்புடவையில், நெற்றி நிறையக் குங்குமத்தோடு அம்மா அம்சவேணி மணையில் உட்கார்ந்திருந்தாள். கூடம் முழுக்கச் சொந்தக்காரப் பெண்கள்.

"அய்யய்யோ, வளையலு கைக்கே ஏறல! அளவு பாக்காம வாங்கியாந்துட்டாங்க" என்றாள் தில்லையம்மாள் அத்தை. போட்டது போட்டபடி எழுந்து கடைக்குப் போக யாருக்கும் தோதுப்படவில்லை. லோகாவின் கையில் ஒரு ரூபாயைத் திணித்தாள். "உங்கம்மா அளவு உனக்குத் தெரியுமில்ல? ஓடிப்போயி கை நெறைய வாங்கியா."

லோகா ஓடவில்லை, நடந்தாள். இப்போதெல்லாம் எதிலும் அவளுக்கு மனசு ஒட்டுவதில்லை. சோறு மண்ணாக இறங்குகிறது. கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் காதில் விழுகிறது. அப்பாவின் தறி பாதிப் புடவையோடு, மேலே போர்த்திய துணியோடு பத்து நாளாக அப்படியே கிடந்தது.

அவள் தனியாகச் செலவழிக்கப்போகும் முதல் முழு ரூபாய் இது. இதையாவது அப்பா சொன்னபடி செலவழிக்க வேண்டும்.

கருட சேவையன்று கொடுத்த காசைப் பலூனில் விட்டவள் அவள். வீடு வந்து சேருவதற்குள் பலூன் வெடித்துவிட்டது. அப்பா பரமசிவம் திட்டவில்லை. பட்டு இழை ஒன்றை அவள் விரலில் சுற்றி இழுத்துக் காட்டினார்.

"நூலுகூட நான் இப்பிடி இழுத்துப் பாத்துதான் வாங்குவேன். காசை நீட்டறதுக்கு முன்ன ஒண்ணே ஒண்ணு கேளு கண்ணு. இது எத்தினி நாளைக்குத் தாங்கும்?"

வளையல்கடை முனிசாமி கண்ணாடி வளையல்களைப் பரப்பினார். "வீட்டுல இன்னாமா, வளைகாப்பா?"

லோகா தலையை ஆட்டிவைத்தாள்.

பச்சையும் சிவப்பும் கண்ணைப் பறித்தன. நீட்டப்போன கையை இழுத்துக்கொண்டாள்.

"இது எத்தினி நாளைக்குத் தாங்கும்?"

"கண்ணாடிமா. எங்கனா இடிச்சுக்கினா போச்சு." முனிசாமி சிரித்துக்கொண்டே வேறொரு கொத்தை எடுத்துக் கல்லில் ஓங்கி அடித்தார். அது துள்ளி விழுந்தது. ஒரு கீறல்கூட இல்லை. "ரப்பர் வளையலு. ஆயுசுக்கும் தாங்கும்."

லோகா யோசித்தாள். அம்மாவின் கை நாளெல்லாம் ராட்டையிலும் பாத்திரத்திலும் இடிபடுகிற கை. கண்ணாடியின் மேல் ஆசை கொள்ளையாக இருந்தும் ரப்பரையே வாங்கினாள். மீதிச் சில்லறையைப் பாவாடையில் முடிந்துகொண்டபோது, எத்தனையோ நாளுக்குப் பிறகு நெஞ்சு கொஞ்சம் லேசானது.

அத்தை பொட்டலத்தைப் பிரித்து, ஒரு வளையலை எடுத்து அழுத்தினாள். அது வளைந்து நிமிர்ந்தது.

"யாருடி உன்ன இத வாங்கச் சொன்னது?"

"அப்பாதான் அத்த. எது வாங்கினாலும் தாங்குமான்னு கேட்டு வாங்கச் சொல்லிச்சு. இது ஒடையவே ஒடையாதாம்."

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

அத்தை லோகாவை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"உங்கப்பன் போய்ச் சேந்ததுக்கு, விடிஞ்சா ஒடைக்கறதுக்குத்தான்டி இந்த வளையலே."