இன்னும் ஒரு புள்ளி

மூன்றாவது செற். பத்தொன்பதுக்குப் பத்தொன்பது.

யோகமலருக்குக் கதிரையில் இருப்புக் கொள்ளவில்லை. மிசிசாகா உள்ளரங்கமே எழும்பி நின்றது. கீழே ஒன்ராறியோ பட்மின்ரன் கலப்பு இரட்டையர் இறுதியாட்டத்தில் அவளுடைய மகள் நிலாணி. பக்கத்தில் நிலாணியின் ஜோடி, சீனாக்காரர் வெய்ஜுன்.

"உந்த ஆள் கடைசியில கவிட்டுக் கொட்டாமல் இருக்கோணும்," என்றாள் புருஷனிடம்.

"சும்மா இரும் யோகம். சீனாவின்ர தேசிய அணியில எட்டு வருஷம் விளையாடின மனுசன்," என்றார் நவரட்ணம்.

"ஓம், விளையாடினவர்தான். நானும் இன்ரநெற்றில வாசிச்சனான். மூண்டு ஜோடி மாத்தினவர். ரெண்டுதரம் பெரிய ஃபைனல். ரெண்டுதரமும் தோல்வி. கடைசி நேரத்தில கை நடுங்கிற ஆள்."

வெய்ஜுனுக்கு நாற்பத்தொரு வயது. இதுதான் அவருடைய கடைசிப் போட்டி. கழுத்தில் ஒரு தங்கப் பதக்கம் விழுந்த பிறகு றக்கெற்றை மூட்டை கட்டுவதாக நிலாணியிடம் சொல்லியிருந்தார். நிலாணிக்கோ, வென்றால் மாகாண அணியில் இடம் நிச்சயம்.

ஷட்டில் பறந்தது. முப்பது தரம், முப்பத்தைந்து தரம் வலையைத் தாண்டிப் போய் வந்தது. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. வலைக்குப் பக்கத்தில் விழப்போனதை நிலாணி பாய்ந்து, தரையோடு தரையாக நீட்டி எடுத்தாள். திரும்பி வந்ததை வெய்ஜுன் எம்பி ஒரு ஸ்மாஷ் அடித்தார். எதிர்ப்பக்கத்தார் அசையக்கூட இல்லை.

இருபதுக்குப் பத்தொன்பது.

நிலாணி எழும்பிக் கையை உயர்த்திச் சிரித்தாள். கூரை அதிர்ந்தது. யோகமலர் புருஷனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "இன்னும் ஒண்டு. ஒரே ஒண்டு."

அப்போதுதான் வெய்ஜுன் குனிந்து முழங்காலைப் பிடித்தார். நொண்டி நொண்டி நடுவரிடம் போனார். ஏதோ சொன்னார். தலையை ஆட்டினார்.

போட்டியிலிருந்து விலகல். எதிரணிக்கு வெற்றி.

நிலாணி நின்ற இடத்திலேயே நின்றாள். "ஒரு பொயின்ற், வெய். ஒரேயொரு பொயின்ற்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

யோகமலர் படிகளில் தடதடவென்று இறங்கினாள். வெய்ஜுனுக்கு முன்னால் போய் நின்று, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினாள். "நீ பயந்தவன். உனக்குத் தங்கம் எடுக்கத் தெரியாது. என்ர பிள்ளையின்ர வாழ்க்கையையும் ஏன் நாசமாக்கினாய்?"

"மன்னிக்கவேணும். என் முழங்கால்," என்றார் அவர். பின்னால் இறங்கி வந்த நவரட்ணத்தின் காதில் மட்டும் ஏதோ சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே வெளியே போனார்.

"வரட்டும், அந்த ஆளின்ர கிளப்புக்கே எழுதிப் போடுறன்," என்று பொருமிக்கொண்டு மகளிடம் திரும்பினாள் யோகமலர்.

நிலாணி ஆடுகளத்தின் ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருந்தாள். போட்டிக்கு வந்திருந்த பிசியோ கிளடிஸ் அவளுடைய சொக்ஸைக் கழற்றிக் குதிக்காலை அமுக்க, நிலாணியின் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"எப்போதிருந்து வலி?" என்றாள் கிளடிஸ்.

"ரெண்டாவது செற்றில இருந்து."

"குதிநரம்பு கிழியத் தொடங்கியிருக்கிறது. இன்னொரு தடவை பாய்ந்திருந்தால் முழுதாக அறுந்திருக்கும். பிறகு நீ விளையாடுவது சந்தேகம்தான். இப்போது மூன்று மாதத்தில் ஆறிவிடும்."

யோகமலர் மகளின் காலடியில் குந்தினாள். "ஏன் பிள்ளை ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"அணிக்கு ஆள் தெரிவு செய்யிற ஆக்கள் பாத்துக்கொண்டிருந்தவை அம்மா. கால் நோகுதெண்டு நான் விலகினால் பேரை வெட்டிப்போடுவினம். இப்ப விலகினது எண்டு பேப்பரில வெய்யின்ர பேர்தான் விழும்."

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவள்போல நிலாணி சட்டென்று நிறுத்தினாள்.

"சரி, எழும்பாதை," என்றாள் யோகமலர். "இஞ்சாருங்கோ, போய்க் காரை வாசலுக்குக் கொண்டு வாங்கோ."

"கார்த் திறப்பை வெய்ஜுன் அப்பவே வாங்கிப்போட்டார்," என்றார் நவரட்ணம். "பிள்ளை ஒரு அடியும் நடக்கக்கூடாதாம்."

யோகமலர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பார்த்தாள். கொட்டுகிற பனியில், கார் நிற்கிற இடத்தை நோக்கி, அந்த முழங்கால்காரர் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தார்.