பத்து விநாடி

"இனிமே கம்ப்யூட்டரை ஆன் பண்ணா தானா விண்டோஸ்தான் வரும்," என்றான் உலான், வெறும் தரையில் மண்டியிட்டபடியே.

பெர்மெத் டீக் கிண்ணத்தை அவன் பக்கத்தில் வைத்தாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கேட்டேன். ஒவ்வொரு தடவையும் உன் லினக்ஸ்தான் வந்து நிக்கும். என் தையல் டிசைனைத் திறக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும்."

"அதான் மாத்திட்டேனே."

"உன்னோடதை அழிச்சிட்டியா?"

"இல்ல, இருக்கு. ஆன் பண்ணதும் ரெண்டோட பேரையும் காட்டிட்டு பத்து விநாடி காத்திருக்கும். ஏதாவது அம்புக்குறியை அழுத்தினா எண்ணுறது நின்னுடும். சும்மா இருந்தா உன்னோடது திறந்துக்கும்."

"ரொம்ப நேரம் ஆச்சா மாத்த?"

"ஒரு நிமிஷ வேலை."

"இதுக்கா அத்தனை சண்டை போட்டோம்."

உலான் கம்ப்யூட்டரை ஆன் செய்தான். கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் வந்தன. கீழே பத்து, ஒன்பது, எட்டு என்று எண் இறங்கியது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எதையும் அழுத்தவில்லை.

விண்டோஸ் திறந்தது.

பெர்மெத்தின் அண்ணன் வாசலில் தலையை நீட்டினான்.

"தையல் மிஷின், மெத்தை, ஷிர்தாக் கம்பளம் எல்லாம் லாரியில ஏத்தியாச்சு. சீர்ல வந்ததுல இந்தக் கம்ப்யூட்டர் மட்டும்தான் பாக்கி. கணவாயில பனி விழுறதுக்குள்ள இவளை எங்களோடயே திரும்பக் கூட்டிட்டு ஊர் போய்ச் சேரணும். எடுத்துக்கலாமா மாப்ள?"

உலான் டீயைக் குடித்து முடித்தான். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினான்.

"எடுத்துக்கங்க."