இரண்டு பிறந்த தேதிகள்

மைக் அவள் தலைக்கு மேலே நின்றது. யாராவது வந்து சரிசெய்யட்டும் என்று காத்திருக்காமல் அம்சமே திருகி இறக்கிக்கொண்டாள்.

"என் பேர் அம்சம். கீழ்வேளூர் பக்கம். வயல் வேலை. ஆறு வருஷமா ஒரே விஷயத்தைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

சிறார் நீதிச் சட்டத்தில் என்ன மாற்ற வேண்டும் என்று கருத்துக் கேட்பதற்காகச் சென்னையிலிருந்து மூன்று பேர் கொண்ட குழு தஞ்சாவூருக்கு வந்திருந்தது. மண்டபத்தில் உட்கார இடமில்லை. குழுவுக்குத் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி அம்மாள் ஒருவர்.

அம்சம் பிளாஸ்டிக் உறையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

இரண்டிலும் அவள் மகன் கவியரசன் பெயர்தான். பிறந்த தேதி மட்டும் வேறு வேறு.

பிறப்புச் சான்றிதழின்படி, போலீஸ் பிடித்த அன்று அவனுக்குப் பதினாறு வயது எட்டு மாதம். பள்ளிச் சான்றிதழின்படி பதினெட்டு வயது இரண்டு மாதம்.

"பம்புசெட்டுல செம்புக் கம்பி அறுத்த கேசு. இவனும் கூடப் போனான், இல்லைங்கலை. அதுக்கு உண்டானதைச் செஞ்சிருக்கட்டும். சின்னப் பிள்ளைங்களை வைக்கிற இடத்துல வச்சுச் செஞ்சிருக்கட்டும்."

சட்டம் பள்ளிச் சான்றிதழைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறது. அதைப் பார்த்தார்கள். பெரியவர்கள் இருக்கும் சிறைக்கு அனுப்பினார்கள்.

பதினோராம் நாள், அங்கே நடந்த ஒரு அடிதடியில் தலையில் அடிபட்டு அவன் இறந்துபோனான்.

அவள் குரல் இறங்கவில்லை. நாகப்பட்டினம், திருவாரூர், மன்னார்குடி என்று கூப்பிட்ட இடமெல்லாம் போய்ப் பேசியவள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவளுக்கு அந்தச் சட்டத்தில் வயதைத் தீர்மானிக்கும் தொண்ணூற்று நான்காம் பிரிவு வரிக்கு வரி மனப்பாடம்.

"போன வருஷம் பேராவூரணிப் பையன் ஒருத்தனை ஜெயில்லேருந்து வெளியே கொண்டுவந்தோம். எப்படின்னு கேளுங்க. அவன் பள்ளிக்கூடமே போகலை. அதனால பிறப்புச் சான்றிதழைப் பார்த்தாங்க. என் பிள்ளை படிச்சவன். அதனால பார்க்கலை."

எழுதிக்கொண்டிருந்த நீதிபதி அம்மாள் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒத்துப்போகலைன்னா, சந்தேகம் தீர்ற வரைக்கும் ஜெயிலுக்கு அனுப்பாதீங்க. இதுதான் நான் கேக்குறது."

மண்டபம் கைதட்டியது. கைதட்டல் ஓயட்டும் என்று அவள் நின்றாள்.

குழுவில் இருந்த குணசேகரன் கல்வித் துறையில் பெரிய பதவி வகித்தவர். அவர் பள்ளிச் சான்றிதழைக் கையில் எடுத்தார்.

"அடிப்படைத் தப்பே இங்கதாம்மா நடந்திருக்கு. ஒன்றரை வருஷம் கூட்டி எழுதியிருக்காங்க. இப்படி எழுதுற தலைமையாசிரியர்கள் மேல வழக்கே போடணும்னு பரிந்துரை செய்யலாம்னு இருக்கேன். அவர் பேர் ஞாபகம் இருக்கா?"

இதற்கும் கைதட்டல் எழுந்தது. முன்னதைவிடப் பலமாக.

இத்தனை வருஷமாக எல்லா மேடையிலும், 'பள்ளிக்கூடத்தில் தேதி தப்பா விழுந்துடுச்சு' என்றுதான் அவள் சொல்லி வந்தாள். எப்படி விழுந்தது என்று யாரும் கேட்டதில்லை.

அம்சம் மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"துரைராசு வாத்தியார். அவர் மேல தப்பு இல்லைங்க."

கைதட்டல் அங்கங்கே நின்றது.

"பிள்ளைக்கு அஞ்சு வயசு முடிஞ்சிடுச்சான்னு கேட்டாரு. முடிஞ்சிடுச்சுன்னு நான்தான் சொன்னேன். ஒரு தேதியும் சொன்னேன். அவனுக்கு அப்ப மூன்றரை வயசு."

குணசேகரன் தாளைக் கீழே வைத்தார்.

"நடவு நேரம். வீட்டுக்காரர் மலேசியாவுல இருந்தாரு. பிள்ளையைப் பார்த்துக்க ஆளில்லை. வரப்புல உட்கார வச்சுட்டு நட்டேன். ஒருநாள் வாய்க்கால்ல விழுந்துட்டான், தூக்கிட்டேன். மறுநாளே கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டேன். அங்க இருந்தா உயிரோட இருப்பான்னு."

அம்சம் மைக்கை விடவில்லை.

"அவன் செத்த பிறகு என் வீட்டுக்காரர் வாத்தியார் வீட்டு வாசல்ல நின்னு வாய்க்கு வந்தபடி ஏசினாரு. அப்பவும் வாத்தியார் என்னைக் காட்டிக்கொடுக்கலை. நானும் வாயைத் திறக்கலை. இதையும் எழுதிக்கங்க. என் பேர் போட்டே எழுதுங்க. வேலைக்குப் போற தாய் எத்தனையோ பேர் இதே பொய்யைச் சொல்லியிருப்பாங்க. அந்தப் பொய்க்குப் பிள்ளைங்க சாகக் கூடாது."

 அவள் கேட்டது அறிக்கையில் முதல் பரிந்துரையாகப் போகும் என்றார் நீதிபதி அம்மாள். நாற்காலியைக் காட்டி, உட்காரச் சொன்னார்.

அம்சம் உட்காரவில்லை. மூன்றாவது வரிசையைப் பார்த்தாள்.

இந்த மண்டபத்துக்குச் சொன்னதை அவள் காலையிலேயே புருஷன் ரெத்தினத்திடம் சொல்லிவிட்டிருந்தாள், கீழ்வேளூரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது. அவன் பஸ்ஸில் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தான். திருவாரூரில் இறங்கித் திரும்பிப் போய்விடுவான் என்றுதான் நினைத்தாள்.

இறங்கவில்லை.